விளைந்த இடத்துக்கு வேதியியல் தரும் சான்று

(திராட்சை மதுவின் பிறப்பிடத்தை ஆய்வுக்கூடத்தில் கண்டறியும் முறைகள் குறித்து மாணவர்களுக்கும் அலுவலர்களுக்கும் நிகழ்த்தப்பெற்ற உரையின் எழுத்து வடிவம்)

ஒரு பொருள் எங்கு விளைந்தது என்பது வாங்குவோர் கண்ணுக்குத் தெரிவதில்லை. நிறம் தெரியும், மணம் தெரியும், எடை தெரியும். விளைந்த இடமோ புட்டியின் மேல் ஒட்டிய சீட்டில் அச்சிடப்பட்ட ஒரு சொல் மட்டுமே. அந்தச் சொல்லை நம்பித்தான் வாங்குவோர் கூடுதல் விலை கொடுக்கின்றனர். அச்சொல் பொய்யாகுமானால் ஏமாறுவோர் இருவர். ஒருவர் விலை கொடுத்து வாங்கியவர். மற்றவர் அந்த ஊரில் உண்மையாகவே பயிரிட்டு, தம் விளைச்சலுக்கு உரிய விலை கிடைக்காமல் நிற்கும் உழவர். பின்னவரின் இழப்பே பெரிது. அது பெரும்பாலும் எந்தக் கணக்கிலும் ஏறுவதில்லை.

இந்தச் சிக்கல் மிக நீண்ட காலமாக ஆராயப்பட்டுவரும் பொருள் திராட்சை மது, அதாவது ஒயின். ஷாம்பேன், பொர்தோ, கியாண்டி முதலியவை மது வகைகளின் பெயர்களாக உலகெங்கும் வழங்கினும், அடிப்படையில் அவை நிலப்பகுதிகளின் பெயர்களே. மது விலக்கை நோக்கமாகக் கொண்ட நெறி இந்திய அரசமைப்புச் சட்டத்தின் 47 ஆம் பிரிவில் இடம்பெற்றுள்ளது. ஆகவே மதுவின் சிறப்பைப் பேசுவது இங்கு நோக்கமன்று. விளைந்த இடத்தை மெய்ப்பிக்க ஒரு பெரும் வேளாண் தொழில் கண்ட வழிகளும், அவ்வழிகளுக்கு அரசு நிருவாகம் அமைத்துத் தந்த அடித்தளமும் இந்தியாவின் தேயிலைக்கும் தேனுக்கும் அரிசிக்கும் பயன்படக்கூடியவை. அவையே இவ்வுரையின் பொருள்.

கல்லும் காகிதமும்

பெயரைக் காக்க முதலில் கையாளப்பட்ட முறை எல்லை வகுத்தல். இத்தாலியின் தஸ்கனி ஆட்சியாளர் மூன்றாம் கோசிமோ 1716 ஆம் ஆண்டில் கியாண்டி உள்ளிட்ட நான்கு பகுதிகளின் எல்லைகளை ஆணையால் வரையறுத்தார். போர்ச்சுகலில் டூரோ ஆற்றுப் பள்ளத்தாக்கின் மதுவில் கலப்படம் மலிந்து வணிகம் சரிந்தபோது, முதலமைச்சராயிருந்த பொம்பால் 1756 இல் ஒரு நிறுவனத்தை ஏற்படுத்தி, மது விளையும் நிலப்பரப்பைக் கருங்கல் தூண்கள் நட்டு அடையாளப்படுத்தினார். தூணுக்கு இப்பால் விளைந்தது ஒரு விலை. அப்பால் விளைந்தது வேறு விலை.

தூண்கள் நிலத்தைப் பிரித்தன. வண்டியில் ஏறி வரும் பீப்பாயை அவற்றால் பிரித்தறிய இயலவில்லை. இந்தக் குறையின் விளைவைப் பிரான்சு நாடு இருபதாம் நூற்றாண்டின் தொடக்கத்தில் கண்டது. பத்தொன்பதாம் நூற்றாண்டின் பிற்பகுதியில் பில்லோக்செரா என்னும் பூச்சி ஐரோப்பியத் திராட்சைக் கொடிகளின் வேரைத் தாக்கி அழித்தது. பற்றாக்குறைக் காலத்தில் உலர்திராட்சையிலிருந்தும் சர்க்கரை நீரிலிருந்தும் செய்யப்பட்ட மது சந்தையில் புகுந்தது. தோட்டங்கள் மீண்டும் தழைத்த பின்னரும் அப்பழக்கம் நீங்கவில்லை. விலை வீழ்ந்தது. 1907 ஜூன் மாதத்தில் தென்பிரான்சின் மோன்பெலியே நகரில் 5 இலட்சத்துக்கும் மேற்பட்ட மக்கள் திரண்டனர். நார்போன் நகரில் துப்பாக்கிச் சூடு நிகழ்ந்து உயிர்கள் பலியாயின. அம்மாதம் 29 ஆம் நாளிலேயே, மதுவில் நீரும் அளவுக்கு மீறிய சர்க்கரையும் கலப்பதைத் தடுக்கும் சட்டம் பிறந்தது. ஒவ்வோர் உழவரும் தம் விளைச்சல் அளவை அறிவிக்க வேண்டும் என்ற கடமையும் அச்சட்டத்தால் வந்தது.

நான்கு ஆண்டுகளுக்குப் பின் ஷாம்பேன் பகுதியில் எழுந்த கலகம் நேரடியாக விளைவிடம் பற்றியது. வணிக நிறுவனங்கள் சில, பிற மாவட்டங்களின் மலிவான மதுவைத் தொடர்வண்டியில் கொணர்ந்து ஷாம்பேன் என்ற பெயரில் விற்றன என்பது மார்ன் மாவட்ட உழவர்களின் குற்றச்சாட்டு. 1911 சனவரியிலும் ஏப்ரலிலும் பீப்பாய்கள் உடைக்கப்பட்டன. வணிகர்களின் கட்டடங்கள் எரிக்கப்பட்டன. படை வரவழைக்கப்பட்டது. ஒரு பெயரின் எல்லைக்குள் யார் அடங்குவர், யார் அடங்கார் என்பது வயிற்றுப்பாட்டை முடிவு செய்யும் வினா என்பதை அந்நிகழ்ச்சி உணர்த்தியது. படிப்படியாகச் சட்டம் வளர்ந்து, 1935 இல் விளைவிடப் பெயர்களைக் கட்டுப்படுத்தும் தேசிய அமைப்பு பிரான்சில் தோன்றியது.

இவ்வளவு சட்டங்களுக்கும் சான்று எது? பதிவேடு, அறிவிப்புப் படிவம், போக்குவரத்துச் சீட்டு ஆகியவையே. காகிதம் உண்மையையும் தாங்கும், பொய்யையும் தாங்கும். சுவைத்துப் பார்க்கும் வல்லுநரின் நாக்கு நுட்பமானது எனினும், நீதிமன்றத்தில் அளவிட்டுக் காட்டத்தக்கதன்று. மதுவையே சான்று கூறச் செய்ய வேண்டிய தேவை இவ்வாறு எழுந்தது.

போலிக்கும் மெய்க்கும் ஒரே மூலக்கூறு

பழைய வேதியியல் முறைகள் மதுவில் உள்ள ஆல்கஹால், அமிலம், எஞ்சிய சர்க்கரை, சாம்பல் ஆகியவற்றை அளந்தன. முறையற்ற நச்சுப் பொருள் சேர்க்கப்பட்டிருந்தால் அவை காட்டிக்கொடுக்கும். 1985 இல் ஆஸ்திரிய மது வகைகளில் டைஎத்திலீன் கிளைக்கால் கண்டுபிடிக்கப்பட்டதும், 1986 இல் இத்தாலியில் மெத்தனால் கலந்த மதுவால் இருபதுக்கும் மேற்பட்டோர் இறந்ததும் இவ்வகையைச் சேர்ந்தவை. அங்கே அயற்பொருள் ஒன்று இருந்தது, தேடினால் அகப்பட்டது.

விளைவிடத்தைப் பொய்யாகச் சொல்லும் மதுவில் அயற்பொருள் ஏதும் இல்லை. திராட்சைச் சாற்றில் பீட் கிழங்குச் சர்க்கரையைக் கலந்து நொதிக்கவைத்தால் கிடைப்பதும் எத்தில் ஆல்கஹால்தான்; திராட்சையின் சொந்தச் சர்க்கரை தருவதும் அதே ஆல்கஹால்தான். குழாய் நீரும் நீர். கொடி உறிஞ்சிய நீரும் நீர். மூலக்கூறு அளவில் இரண்டுக்கும் வேறுபாடு இல்லை. ஆகவே மூலக்கூற்றுக்குள் இருக்கும் அணுக்களையே ஆராய வேண்டியதாயிற்று.

ஒரே தனிமத்தின் அணுக்கள் எல்லாம் ஒரே எடை உடையவை அல்ல. வேதிப் பண்பில் ஒன்றுபட்டு எடையில் மட்டும் வேறுபடும் அணு வகைகள் ஐசோடோப்புகள் எனப்படும். இயற்கையில் 10 இலட்சம் ஆக்சிஜன் அணுக்களில் ஏறத்தாழ 2,000 அணுக்கள் எடை மிகுந்த ஆக்சிஜன்-18 ஆகும். கடல்நீரில் 10 இலட்சம் ஹைட்ரஜன் அணுக்களில் ஏறத்தாழ 156 அணுக்கள் டியூட்டிரியம் என்னும் கனத்த ஹைட்ரஜன். கார்பனில் நூற்றுக்கு ஒன்றுக்குச் சற்று மேலாகக் கார்பன்-13 உண்டு. இந்த விகிதங்கள் எங்கும் ஒரே அளவாக இருப்பதில்லை. நீர் ஆவியாகும்போதும், மழையாகும்போதும், இலையில் சர்க்கரை உருவாகும்போதும் அவை சிறிதளவு மாறுகின்றன. அந்தச் சிறு மாற்றமே விளைவிடத்தின் அடையாளம்.

நீர் கூறும் செய்தி

மதுவின் பெரும்பகுதி நீர். அந்நீர் கொடியின் வேர் வழியாக ஏறி வந்தது. கடலிலிருந்து எழும் மேகம் நிலத்தின் மேல் நகரும்போது கனத்த ஆக்சிஜன் கொண்ட நீர் முதலில் மழையாக இறங்குகிறது. எனவே கடற்கரையிலிருந்து உள்நாட்டுக்குச் செல்லச் செல்லவும், மலையில் உயரம் கூடக் கூடவும், மழைநீரில் கனத்த ஆக்சிஜன் குறைகிறது. இது முதற்படி.

அடுத்த படி இலையிலும் காயிலும் நிகழ்கிறது. வெயிலில் நீராவிப்போக்கு நடக்கும்போது எடை குறைந்த நீர் எளிதில் வெளியேறுகிறது. எடை மிகுந்தது பின்தங்குகிறது. ஆகவே பழத்தின் சாற்றில், அது பருகிய நிலத்தடி நீரைவிடக் கனத்த ஆக்சிஜன் மிகுந்திருக்கும். வெப்பமும் வறட்சியும் மிகுந்த சிசிலித் தீவின் மதுவில் இம்மிகுதி அதிகம். குளிர்ந்த ஈரமான ஜெர்மானியப் பள்ளத்தாக்கின் மதுவில் குறைவு.

இதனால் இரு வகைப் பயன் உண்டு. மதுவில் குழாய் நீரைக் கலந்தால் கனத்த ஆக்சிஜனின் விகிதம் தாழ்ந்து, கலப்பு வெளிப்படும். அன்றியும், வெப்பநாட்டு மது என்று விற்கப்படுவது குளிர்நாட்டில் விளைந்ததாயின் அதுவும் ஐயத்துக்கு உள்ளாகும். ஆனால் தாழ்ந்த அளவைக் கண்ட மாத்திரத்தில் இரண்டில் எது நிகழ்ந்தது என்று கூறிவிட இயலாது. நீர் கலந்தாலும் அளவு தாழும். வேற்றிடத்தில் விளைந்தாலும் தாழும். ஓர் அளவுக்குப் பல காரணங்கள் இருக்கக்கூடும் என்பதால்தான் பல சான்றுகளை ஒருங்கே நோக்க வேண்டியுள்ளது. மதுவின் நீரிலுள்ள ஆக்சிஜன் விகிதத்தை அளக்கும் முறையை ஐரோப்பிய ஒன்றியம் 1997 இல் அலுவல்முறையாக ஏற்றது.

சர்க்கரை கூறும் செய்தி

ஒளிச்சேர்க்கையில் தாவரங்கள் எல்லாம் ஒரே வழியைப் பின்பற்றுவதில்லை. திராட்சை, நெல், கோதுமை, பீட் கிழங்கு ஆகியவை ஒரு வழி. கரும்பு, மக்காச்சோளம் ஆகியவை வேறு வழி. இரண்டாம் வகைத் தாவரங்களின் சர்க்கரையில் கார்பன்-13 சற்று மிகுதியாக அமைகிறது. எனவே திராட்சைச் சாற்றில் கரும்புச் சர்க்கரை சேர்ந்தால் கார்பன் விகிதமே அதைக் காட்டிவிடும். ஐரோப்பாவில் மலிவாகக் கிடைப்பதோ பீட் சர்க்கரை. அது திராட்சையின் வகையையே சேர்ந்தது. கார்பன் சோதனை அங்கே பயன்படவில்லை.

இத்தடையைக் கடந்தவர்கள் பிரான்சின் நாந்த் பல்கலைக்கழகத்தைச் சேர்ந்த ஜெரார் மார்த்தேனும் அவர்தம் குழுவினரும் ஆவர். 1980 களின் தொடக்கத்தில் அவர்கள் வகுத்த முறை அணுக்கருக் காந்த ஒத்ததிர்வைப் பயன்படுத்துவது. ஆல்கஹாலில் மொத்தம் எவ்வளவு டியூட்டிரியம் உள்ளது என்பதோடு அம்முறை நின்றுவிடவில்லை. மூலக்கூற்றின் எந்த இடத்தில் எவ்வளவு உள்ளது என்பதையும் அது தனித்தனியே அளக்கிறது. எத்தில் ஆல்கஹாலின் ஒரு முனையில் உள்ள மெத்தில் தொகுதியின் ஹைட்ரஜன் பெரும்பாலும் சர்க்கரையிலிருந்து வருவது. ஆகவே அது எந்தத் தாவரம் என்பதைக் கூறும். நடுவிலுள்ள தொகுதியின் ஹைட்ரஜன் நொதித்தல் நடந்த நீரோடு தொடர்புடையது. ஆகவே அது தட்பவெப்பத்தைக் கூறும். ஒரே மூலக்கூறு இரு செய்திகளைத் தருகிறது.

மெத்தில் தொகுதியின் டியூட்டிரியம், 10 இலட்சத்துக்கு இத்தனை என்ற கணக்கில், பீட் ஆல்கஹாலில் ஏறத்தாழ 92 அல்லது 93. கரும்பு ஆல்கஹாலில் ஏறத்தாழ 110. திராட்சை ஆல்கஹாலில் இவ்விரண்டுக்கும் இடையே, பெரும்பாலும் 100 ஐ ஒட்டி. இதை அறிந்த ஏமாற்றுக்காரர் பீட் சர்க்கரையையும் கரும்புச் சர்க்கரையையும் பாதிக்குப் பாதி கலப்பாராயின், சராசரி 101 ஐ ஒட்டி அமைந்து திராட்சைபோல் தோன்றும். ஆனால் கரும்பின் பங்கால் கார்பன்-13 உயர்ந்துவிடும். ஒரு வாயிலை அடைத்தால் மற்றொரு வாயில் திறந்துகொள்கிறது. டியூட்டிரியம் முறையை ஐரோப்பியச் சமூகம் 1990 இல் தன் அலுவல்முறைப் பகுப்பாய்வுகளில் சேர்த்தது.

மண் கூறும் செய்தி

நீரும் சர்க்கரையும் தட்பவெப்பத்தையும் தாவரத்தையும் காட்டுகின்றன. ஒரே தட்பவெப்பமுடைய அண்டைப் பகுதிகள் இரண்டைப் பிரித்தறிய வேண்டுமானால் பாறையை நோக்க வேண்டும். இங்கே துணைபுரிவது ஸ்ட்ரான்ஷியம். ருபீடியம்-87 என்னும் கதிரியக்க அணு மெல்லச் சிதைந்து ஸ்ட்ரான்ஷியம்-87 ஆக மாறுகிறது. அதன் அரைவாழ்வு ஏறத்தாழ 4,900 கோடி ஆண்டுகள். எனவே ருபீடியம் மிகுந்த பழங்காலக் கருங்கல் பாறையில் ஸ்ட்ரான்ஷியம்-87 இன் விகிதம் உயர்ந்திருக்கும். அண்மைக்கால எரிமலைப் பாறையில் தாழ்ந்திருக்கும். வேர் இதனை உறிஞ்சும்போதும், சாறு நொதிக்கும்போதும் விகிதம் குறிப்பிடத்தக்க அளவு மாறுவதில்லை. பாறையின் வயது கொடியின் வழியே புட்டி வரை வந்து சேர்கிறது.

இத்துடன் லித்தியம், போரான், மாங்கனீசு, ருபீடியம் முதலிய பல தனிமங்களின் நுண்ணளவுகளையும் ஒருசேர அளந்து ஒப்பிடுவர். ஆனால் இங்குக் கவனம் தேவை. மதுவைத் தெளியவைக்கச் சேர்க்கும் பென்டோனைட்டு என்னும் களிமண் தன் தனிமங்களைக் கலந்துவிடும். உரமும் பாசன நீரும் பாத்திரங்களும் அவ்வாறே. சாலைப் புகையும் மதுவில் பதிந்ததுண்டு. ஈயம் கலந்த பெட்ரோல் வழங்கிய காலத்தில் பிரான்சின் நெடுஞ்சாலைகளை அடுத்த தோட்டங்களின் மதுவில் அந்த ஈயத்தின் சேர்மங்கள் காணப்பட்டன. ஆகவே புட்டியில் உள்ள தனிமம் ஒவ்வொன்றும் மண்ணிலிருந்து வந்தது என்று கொள்ளலாகாது. எது மண்ணின் பங்கு, எது மனிதக் கையின் பங்கு என்று பிரிப்பதே ஆய்வாளரின் வேலை.

ஆண்டுதோறும் திரட்டும் தகவல் வங்கி

இதுவரை கூறியவை கருவிகளின் ஆற்றல். கருவி ஓர் எண்ணைத் தரும். அந்த எண்ணுக்குப் பொருள் எங்கிருந்து வருகிறது? ஒரு புட்டியின் டியூட்டிரியம் அளவு 101 என்று அறிந்தால் மட்டும் அது எந்த ஊர் மது என்று கூற இயலாது. அந்த ஊரில், அந்த ஆண்டில், ஐயத்துக்கு இடமின்றி விளைந்த திராட்சையின் அளவு என்ன என்பது தெரிந்திருக்க வேண்டும். ஒப்பிடுவதற்கு மெய்யான மாதிரி இல்லையெனில், விலை உயர்ந்த கருவியும் வாய் பேசாது.

இதை உணர்ந்து ஐரோப்பியச் சமூகம் 1991 இல் மதுவுக்கான ஐசோடோப்புத் தகவல் வங்கியை நிறுவச் சட்டம் செய்தது. அதன் நடைமுறை மிக எளியது, அதனாலேயே கடினமானது. அறுவடைக் காலத்தில் அலுவலர் ஒருவர் தோட்டத்துக்கே செல்கிறார். கொடியிலிருந்து நேரடியாகப் பழங்களைத் திரட்டுகிறார். திராட்சை வகை, மண்ணின் தன்மை, பறித்த நாள், பாசனம், பருவநிலை ஆகியவை படிவத்தில் பதிவாகின்றன. அப்பழங்கள் சிறு அளவில் தனியே நொதிக்கவைக்கப்படுகின்றன. சர்க்கரையோ நீரோ சேர்ப்பதில்லை. பின்னர் ஆய்வுக்கூடத்தில் அளந்து, முடிவுகள் பொதுத் தொகுப்பில் சேர்க்கப்படுகின்றன. இத்தாலியின் இஸ்ப்ரா நகரிலிருந்த ஐரோப்பியக் கூட்டு ஆராய்ச்சி மையத்தில் 1993 இல் இதற்கெனத் தனிப் பிரிவு ஏற்படுத்தப்பட்டது.

மாதிரிகளின் எண்ணிக்கையும் நாடுதோறும் வரையறுக்கப்பட்டுள்ளது. 2008 ஆம் ஆண்டின் விதிகளின்படி பிரான்சும் இத்தாலியும் ஆண்டுக்குக் குறைந்தது 400 மாதிரிகளும், ஜெர்மனியும் ஸ்பெயினும் 200 மாதிரிகளும், சின்னஞ்சிறு லக்சம்பர்க் 4 மாதிரிகளும் தர வேண்டும். 

ஒருமுறை அளந்து வைத்தால் போதாதா என்ற வினா எழலாம். போதாது. ஐரோப்பாவை வெப்ப அலை வாட்டிய 2003 போன்ற ஓர் ஆண்டில் வடபகுதி மதுவிலும் கனத்த ஆக்சிஜன் மிகும். அறுவடைக்கு முன் பெருமழை பெய்தால் தென்பகுதி மதுவிலும் அது குறையும். முந்திய ஆண்டின் அளவுகோலைக் கொண்டு இந்த ஆண்டின் உழவரை மதிப்பிட்டால், குற்றமற்றவர் தண்டிக்கப்படுவார், குற்றவாளி தப்புவார். ஆகவே தகவல் வங்கி ஆண்டுதோறும் புதுப்பிக்கப்படுகிறது. அதன் உண்மையான செலவு, தோட்டந்தோறும் செல்லும் அலுவலரின் காலடியிலும், அவர் நேர்மையாக நிரப்பும் படிவத்திலும் அடங்கியுள்ளது. மாதிரி எடுப்பவர் தோட்டத்துக்குச் செல்லாமல் விற்பனைக் கிடங்கிலிருந்தே ஒரு புட்டியை எடுத்து அனுப்புவாரானால், பொய்யே அளவுகோலாக அமர்ந்துவிடும். அதன்பின் எல்லாப் பொய்யும் மெய்யாகத் தேறும்.

முறையின் எல்லைகள்

இம்முறையின் முடிவு எப்போதும் நிகழ்தகவின் மொழியில் அமைகிறது. "இது இன்ன தோட்டத்து மது" என்று அது கூறுவதில்லை. "இவ்வாண்டில் இப்பகுதியில் விளைந்த மெய்யான மாதிரிகளோடு இது ஒத்துப்போகவில்லை" என்று கூறுவதே அதன் வலிமை. மறுப்பது எளிது, உறுதிப்படுத்துவது அரிது. ஒரு மலைச்சரிவின் இரு புறங்களையும், ஆட்சி எல்லைக் கோட்டின் இரு பக்கங்களையும் ஐசோடோப்பு அறியாது. இயற்கையின் எல்லையும் சட்டத்தின் எல்லையும் ஒன்றாக இருக்க வேண்டிய கட்டாயம் இல்லை. ஆகவே ஆய்வுக்கூட முடிவு ஐயத்தை எழுப்பியபின், கொள்முதல் கணக்கும் சரக்குந்துச் சீட்டும் இருப்புப் பதிவேடும் புரட்டப்படுகின்றன. வேதியியல் சான்றும் காகிதச் சான்றும் ஒன்றையொன்று தாங்குகின்றன.

அண்மைக்கால ஆய்வுகளும் இதே பாடத்தைக் கூறுகின்றன. ஜெனீவா பல்கலைக்கழக ஆய்வாளர்கள் தலைமையில் 2023 இல் வெளிவந்த ஓர் ஆய்வில், பொர்தோ பகுதியின் 7 பண்ணைகளைச் சேர்ந்த, 12 அறுவடை ஆண்டுகளின் 80 மது மாதிரிகள் வாயு நிறப்பகுப்பாய்வுக்கு உட்படுத்தப்பட்டன. அந்த விவரங்களைக் கணிப்பொறி வழியே ஆராய்ந்து, ஒவ்வொன்றும் எந்தப் பண்ணையைச் சேர்ந்தது என்று சரியாகப் பிரித்தறிந்தனர். இது வியக்கத்தக்க வெற்றி. எனினும் அந்த ஏழு பண்ணைகளும் முன்பே அறியப்பட்டவை. எட்டாவது பண்ணையின் மது வந்தால் அதை அறிய எட்டாவது பண்ணையின் மாதிரிகள் வேண்டும். கணிப்பொறியும் தகவல் வங்கியின் தேவையை நீக்கிவிடவில்லை.

இடத்தோடு காலத்தையும் சோதிக்க ஒரு வழி உண்டு. 1945 இல் தொடங்கிய அணுகுண்டு வெடிப்புகள் சீசியம்-137 என்னும் கதிரியக்க அணுவைக் காற்றில் பரப்பின. இயற்கையில் அது முன்பு இருந்ததில்லை. அதன் காமாக் கதிர் கண்ணாடியை ஊடுருவுவதால் புட்டியைத் திறவாமலே அளக்கலாம். பொர்தோவைச் சேர்ந்த இயற்பியலாளர் பிலிப் உபேர் இம்முறையை வளர்த்தார். இருநூறு ஆண்டுப் பழைமை உடையது எனக் கூறப்படும் மதுவில் சீசியம்-137 காணப்பட்டால், அக்கூற்று அங்கேயே வீழ்கிறது.

இந்தியாவுக்குரிய பாடம்

1994 இல் கையெழுத்தான உலக வணிக உடன்படிக்கையின் அறிவுசார் சொத்துரிமைப் பகுதி, விளைவிடப் பெயர்களுக்குப் பாதுகாப்பு அளிக்கிறது. அதன் 22 ஆம் பிரிவு எல்லாப் பொருள்களுக்கும் உரியது. 23 ஆம் பிரிவோ மது வகைகளுக்கு மட்டும் கூடுதல் பாதுகாப்புத் தருகிறது. அந்தக் கூடுதல் பாதுகாப்பு பிற பொருள்களுக்கும் விரிவாக்கப்பட வேண்டும் என்பது இந்தியா உள்ளிட்ட நாடுகளின் கோரிக்கை. உள்நாட்டில் 1999 இல் இயற்றப்பட்ட புவிசார் குறியீட்டுச் சட்டம் 2003 செப்டம்பர் 15 ஆம் நாள் நடைமுறைக்கு வந்தது. அதன் பதிவகம் சென்னையில் உள்ளது. முதலில் பதிவான பொருள் டார்ஜிலிங் தேயிலை. நாசிக் பள்ளத்தாக்கு ஒயினும் அப்பட்டியலில் இடம்பெற்றுள்ளது.

பதிவு என்பது டூரோ ஆற்றங்கரையில் நட்ட கருங்கல் தூணுக்கு ஒப்பானது. அது எல்லையைக் காட்டும்; எல்லை கடந்து வரும் சரக்கைக் காட்டாது. அதற்கு மேற்கூறிய அறிவியல் துணை தேவை. இந்திய நிலவியல் இதற்கு வாய்ப்பாக அமைந்துள்ளது. நாசிக் திராட்சை விளைவது தக்காணத்தின் எரிமலைப் பாறை மீது. அதன் வயது ஏறத்தாழ 6.6 கோடி ஆண்டுகள். கர்நாடகத்தின் நந்திமலைப் பகுதியில் திராட்சை விளைவது 250 கோடி ஆண்டுகளுக்கும் மேற்பட்ட பழம்பாறை மீது. ஸ்ட்ரான்ஷியம் விகிதம் இவ்விரண்டையும் பிரித்துக் காட்டும் என்று எதிர்பார்ப்பதற்கு இடமுண்டு. மழைநீர், நிலத்தடி நீர் ஆகியவற்றின் ஐசோடோப்பு ஆய்வில் அகமதாபாத் இயற்பியல் ஆராய்ச்சி நிலையமும் பாபா அணு ஆராய்ச்சி மையமும் அனுபவம் பெற்றவை. பாறைகளின் வரைபடங்கள் இந்தியப் புவியியல் ஆய்வுத் துறையிடம் உள்ளன. திராட்சைக்கெனப் புனேயில் தேசிய ஆராய்ச்சி மையம் உண்டு. சிதறிக் கிடக்கும் இவ்வறிவை ஒருங்கிணைப்பதே அடுத்த பணி.

மதுவைவிட இப்பாடம் நெருக்கமாகப் பொருந்துவது தேனுக்கு. பூந்தேன் பெரும்பாலும் திராட்சையின் வகைத் தாவரங்களிலிருந்து வருவது. கரும்பு, மக்காச்சோளப் பாகு கலந்தால் கார்பன் சோதனை காட்டிவிடும். அரிசியிலிருந்து செய்யும் பாகு அச்சோதனைக்குத் தப்பிவிடும். நெல்லும் அதே வகைத் தாவரம். மதுவில் பீட் சர்க்கரை செய்த வேலையைத் தேனில் அரிசிப் பாகு செய்கிறது. அணுக்கருக் காந்த ஒத்ததிர்வுச் சோதனை இங்கும் துணைக்கு வருகிறது. ஆயினும் இந்தியத் தேன் எத்தனையோ மலர்களிலிருந்தும் காடுகளிலிருந்தும் கிடைப்பது. அயல்நாட்டுத் தேனைக் கொண்டு அமைத்த தொகுப்போடு அதை ஒப்பிட்டால், மெய்யான மலைத்தேனும் ஐயத்துக்கு ஆளாகலாம். தன் நாட்டு மாதிரிகளைத் தானே திரட்டாத நாடு, பிறர் அளவுகோலுக்குக் கட்டுப்பட நேரிடும்.

ஆகவே செய்ய வேண்டியவை சில தெளிவாகப் புலப்படுகின்றன. புவிசார் குறியீடு பெற்ற வேளாண் பொருள் ஒவ்வொன்றுக்கும் விளைநிலத்திலேயே அலுவலர் முன்னிலையில் மாதிரி எடுக்கப்பட வேண்டும். பருவந்தோறும் அது தொடர வேண்டும். ஆய்வுக்கூடங்கள் ஒரே முறையைக் கையாண்டு, தம் முடிவுகளைத் தமக்குள் ஒப்பிட்டுச் சரிபார்க்க வேண்டும். மாதிரி பறித்த நாள் முதல் அளந்த நாள் வரை யார் கையில் இருந்தது என்ற பதிவு இருக்க வேண்டும். இல்லையெனில் நீதிமன்றத்தில் அது நில்லாது. இவற்றின் செலவு சிறு உழவரின் தலையில் விழலாகாது. பெயரின் பயனைப் பெரிதும் பெறும் வணிகமும், பெயரைப் பதிவுசெய்யும் அரசும் அதனைப் பகிர்ந்துகொள்வதே முறை.

இளம் வேதியியல் மாணவர் ஒருவர் இத்துறையில் புகுவாராயின், கருவியைக் கற்பதோடு வயலுக்குச் செல்லும் வழியையும் கற்க வேண்டியிருக்கும். வட்ட அளவில் பணியாற்றும் அலுவலர் ஒருவர் மாதிரிப் படிவத்தை நிரப்பும்போது, நூறு கல் தொலைவில் உள்ள ஆய்வுக்கூடத்தின் முடிவு தம் கையெழுத்தைச் சார்ந்திருப்பதை நினைவில் கொள்ள வேண்டும். 1911 இல் ஷாம்பேன் உழவர்கள் தெருவில் இறங்கிக் கேட்ட வினாவுக்கு இன்று ஆய்வுக்கூடம் அமைதியாக விடை தருகிறது. அவ்விடை நம்பத்தக்கதாக இருப்பது, அறுவடை நாளில் கொடியருகே நின்று பழம் பறித்துப் பதிவு செய்தவரின் நேர்மையைப் பொறுத்தது.